சாம்பலைக் கடித்துப் பார்த்தவள்

மூக்கக்கா போய் இரண்டு மாதம் ஆகிறது. கம்பெனிக்காரர்கள் அச்சடித்த புத்தகத்தில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறாள். வழவழப்பான தாள், பச்சை அட்டை, அட்டையில் ஒரு இலை. நாலாம் பக்கத்தில் அவள் படம். கையில் எரிந்து அணைந்த நூல், கண்ணை மூடி முகர்ந்து பார்க்கிறாள். ‘பழைய துணிக்கு மறுபிறவி தரும் பெண்மணி. பருத்தியை மூக்காலேயே அறிவார்’ என்று கீழே போட்டிருக்கிறார்கள். அந்தப் படம் எடுத்த அன்று அவளுக்கு மூக்கு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்றவன் நான். என் முழங்கை மட்டும் படத்தில் விழுந்திருக்கிறது.

எங்கள் ஷெட்டுக்கு வருவதெல்லாம் பழைய துணி. யார் யாரோ உடுத்திக் கழித்தது, கட்டுக் கட்டாக லாரியில் வந்து இறங்கும். கட்டை அறுத்தால் வியர்வை, சோப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் கலந்த ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். நீள மேசையில் பெண்கள் நின்றபடியே பொத்தான், ஜிப், ஜீன்ஸில் இருக்கும் செம்புக் குமிழ் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். அதில் சுத்தப் பருத்தி மட்டும் கிழிக்கிற மிஷினுக்குப் போகும். மிஷினுக்குள் பெரிய உருளை. உருளை முழுக்க ஆணி ஆணியாகப் பல். துணியைக் கிழித்து நூலைப் பிய்த்துப் பழையபடி பஞ்சாக்கிப் பின்னால் இருக்கும் அறைக்குள் துப்பும். அந்தப் பஞ்சை அழுத்திக் கட்டுப் போடுவது என் வேலை. அதிலிருந்து புது நூல், புதுத் துணி, அதன் கழுத்தில் இலை போட்ட சீட்டு. பூமிக்குக் கெடுதல் செய்யாத துணி, மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று சீட்டில் எழுதியிருக்கும்.

மக்க வேண்டுமானால் பாலியஸ்டர் கலந்திருக்கக் கூடாது. கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பாதித் துணியில் சீட்டே இருக்காது, மீதியில் இருக்கும் சீட்டை நம்ப முடியாது. ஆகவே சந்தேகப்பட்ட துணியிலெல்லாம் ஒரு நூலை உருவி எரித்துப் பார்க்க வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். கம்பளி, தலைமுடி தீய்ந்தாற்போல் நாறும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, தித்திப்பாய் ஒரு கெட்ட வாடையோடு கறுப்பு மணியாக இறுகிவிடும். முழுசாக பாலியஸ்டர் என்றால் எவனும் சொல்லிவிடலாம். நூறில் பத்து இருபது கலந்திருந்தால்தான் சிக்கல். அதற்குத்தான் மூக்கக்கா.

ஷெட்டுக்கு வெளியே, தகரச் சார்ப்புக்குக் கீழே அவள் மேசை. ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, இடுக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஒரு நாளைக்கு முந்நூறு நூல் எரிப்பாள். அவள் “வேணாம்” என்றால் அந்தத் துணி உள்ளே போகாது. முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார்.

இருபத்துமூன்று வயதில் வேலைக்கு வந்தவள். முதல் பத்து வருஷம் மிஷினில் துணி ஊட்டினாள். கட்டினவன் ஒரு நாள் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான், போனான், அவ்வளவுதான். அம்மா சாகும்போது விட்டுப் போன தங்கை இவள் பொறுப்பில் இருந்தாள். பதினாறு வயது வித்தியாசம். அக்கா என்று கூப்பிட்டாலும் தாய் இவள்தான். சின்னவள் வளர்ந்து அதே ஷெட்டில் அதே மிஷினில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு வாய் ஓயாது.

“எங்கக்கா மூக்குக்குத் தனியா ஒரு சம்பளம் குடுங்க மொதலாளி. ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் வேல.”

“குடுத்தா உன் வாய்க்கும் கேப்பியே.”

“என் வாய்க்கு நீங்க குடுத்துக் கட்டுப்படியாகாது.”

அக்கா மூக்குக்கு உண்மையிலேயே இரண்டு வேலை இருந்தது. இரும்புத் துணுக்கோ செம்புக் குமிழோ தப்பித் தவறி மிஷினுக்குள் போனால் பல்லில் பட்டு ‘டக்’ என்று பொறி பறக்கும். அந்தப் பொறி பஞ்சோடு பஞ்சாகப் பின் அறைக்குப் போய்விடும். சுடர் தெரியாது, புகைகூடத் தெரியாது. உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்காகக் கனன்று கொண்டிருக்கும். வெளியே வருவது வாசனை ஒன்றுதான். அதனால் தினமும் சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் மூக்கக்கா பஞ்சு அறைக்குள் ஒரு சுற்று நடந்து வருவாள். முதலாளி வாசலில் பூட்டோடு நிற்பார். அவள் வெளியே வந்து “பூட்டுங்க” என்றால்தான் பூட்டு விழும். இரண்டு தடவை “இருங்க” என்றிருக்கிறாள். இரண்டு தடவையும் குவியலைக் கலைத்தால் உள்ளே கங்கு. அந்த இரண்டு தடவைக்குப் பிறகு அவள் பேச்சுக்கு ஷெட்டில் மறுபேச்சு கிடையாது.

மூக்கு போனது எனக்குத் தெரிய வந்தது சாப்பாட்டில். அன்று நல்ல வெயில். என் டப்பாவிலிருந்து பாதியை அவளுக்குத் தள்ளிவிட்டு, மீதியில் ஒரு வாய் வைத்தவன் துப்பிவிட்டேன். அவள் தின்று கொண்டிருந்தாள்.

“துப்புங்கக்கா. கெட்டுப் போச்சு.”

“நல்லாத்தானே இருக்கு. பொண்டாட்டி சமையலக் குத்தம் சொல்றதே உனக்குப் பொழப்பு.”

“நாறுதுக்கா. நாய்கூடத் தொடாது.”

மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கிவிட்டு, “பசி” என்றாள்.

அதற்கப்புறம் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். நூலை எரிப்பாள், மூக்குக்கிட்டே கொண்டு போவாள், ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி இழுத்து முகர்வாள். பிறகு கூட்டம் திரும்பியதும் சாம்பலை இரண்டு விரலில் தேய்ப்பாள். வருஷக்கணக்காகச் சூட்டைத் தொட்டு அந்த விரல் நுனியெல்லாம் செருப்புத் தோல் மாதிரி காய்த்துப் போயிருந்தது. அதில் ஒன்றும் உறைக்காது. அதனால் தலையைக் குனிந்து, சாம்பலை முன்பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். பாலியஸ்டர் துளி கலந்திருந்தாலும் பல்லில் மணல் மாதிரி கடிபடும். யார் யாரோ உடுத்திய துணியின் சாம்பல், ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. அவள் பல்லெல்லாம் ஏன் கறுத்துக்கொண்டு வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“எத்தன நாளா?”

ஒளிக்கவில்லை. “அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து. ஒரு நாள் விளக்குல ஸ்பிரிட்டுக்குப் பதிலா தண்ணிய ஊத்திட்டேன். அப்பதான் எனக்கே தெரியும்.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“மூக்கக் காட்டத்தான் போனேன். அந்த ஆளு நெஞ்சப் படம் எடுத்துட்டு மூக்க மறந்துட்டாரு. நெஞ்சு பூரா பஞ்சாம் தம்பி. தூசிப் பக்கமே போகாத, போனா ரெண்டு வருஷம் தாங்கமாட்டேன்னு சொல்லிட்டாரு.” விளக்குத் திரியை இடுக்கியால் குத்தினாள். “இந்த மேச போச்சுன்னா என்ன எங்க நிறுத்துவாங்க? மிஷின்லதான். இந்தத் தகரத்துக்குக் கீழ காத்தாவது இருக்கு. பல்லு சரியாத்தான் சொல்லுது. இதுவரைக்கும் ஒரு துணி திரும்பி வந்திருக்கா, சொல்லு.”

வரவில்லை. அது உண்மைதான்.

“துணிக்குப் பல்லு இருக்கு. சாயங்காலச் சுத்துக்கு என்னக்கா இருக்கு?”

இடுக்கியைக் கீழே வைத்தாள். “சின்னவளுக்குத் தெரியாது. சொல்லிடாத” என்றாள்.

நான் அன்றே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “நாளையிலேருந்து உங்க பின்னாலயே நான் வரேன். கட்டு எண்ணுற மாதிரி வரேன். ஏதாவது வாட வந்தா இருமறேன்” என்றேன்.

“நீயா? ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுறவன் மூக்க நம்பியா நான் பூட்டச் சொல்லணும்?”

“அப்ப விட்டுடறேன்.”

“கட்டின பொண்டாட்டி அழுது விடாதவன், எனக்காக விடப் போறியாக்கும்!”

விட்டேன். ஒரே வாரத்தில் விட்டேன். என் வீட்டுக்காரிக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. “எவ சொல்லி விட்ட?” என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? மூக்கக்கா அதைக் கேட்டு, மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. முன்னால் அவள், பின்னால் நான். ஒரு தடவை நான் இருமினேன். குவியலைக் கலைத்தால் ஓரத்தில் கங்கு. முதலாளி எல்லார் முன்னாலும் அவளுக்குக் கை தட்டினார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் கையில் காமிரா, ஒருவன் கையில் கேள்விப் பட்டியல். பட்டியல்காரன் சுவரையெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “புகை வந்தா கத்துற அலாரம் எங்க வச்சிருக்கீங்க?” என்றான்.

முதலாளி மூக்கக்காவைக் காட்டினார். “அதோ, உக்காந்திருக்கு பாருங்க. கரண்ட் போனாலும் வேல செய்யும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள், பெருமையாக. பட்டியல்காரன் எதையோ எழுதிக்கொண்டான். அலாரம் பேச்சு அதோடு முடிந்தது. அப்புறம் படம் பிடித்தார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினாள். இன்னும் ரசித்து முகருங்கள் என்றார்கள், ரசித்தாள்.

போகும்போது ஆளுக்கு ஒரு டீ ஷர்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் இலைப் படம், கழுத்தில் ‘முழுதும் மறுசுழற்சிப் பருத்தி’ என்று சீட்டு. அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் மூக்கக்கா தன்னுடையதில் ஒரு நூலை உருவி எரித்து, பல்லில் வைத்தாள்.

“கடிபடுது.”

“எவ்வளவு?”

“பாதிக்குப் பாதி இருக்கும்.”

நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சின்னவள் வந்து, “என்ன சிரிப்பு?” என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். “அதனாலென்ன? துவைச்சா சட்டுனு காயும். ஓசியில குடுத்தத யாராவது எரிச்சுப் பாப்பாங்களா? உனக்கு வேணாம்னா எனக்குக் குடுக்கா.”

அக்கா கொடுத்துவிட்டாள். சின்னவள் இரண்டையும் மாற்றி மாற்றி வேலைக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பருத்திச் சட்டை வாங்கி உடுத்துகிற வசதி எங்களில் யாருக்கும் கிடையாது. எங்கள் உடம்பில் எப்போதும் பாலியஸ்டர்தான்.

அந்த நாளைச் சொல்லியாக வேண்டும். பெரிய ஆர்டர். மூன்று நாளில் அனுப்ப வேண்டிய சரக்கு, வெட்டுகிறவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஜீன்ஸ் மலை மாதிரி கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் மிஷினில் ‘டக்’ என்று ஒரு சத்தம். எல்லாருக்கும் கேட்டது. சின்னவள் சுவிட்சை அமர்த்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு சத்தம் வந்தால் பஞ்சு அறையில் குவியலைக் கலைத்துப் பரப்பிப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை.

“கலைக்கலாமா?” என்றேன்.

“இப்பவா? மொதலாளி தோல உரிச்சுடுவாரு அண்ணே. அதான் சாயங்காலம் அக்கா மோந்து பாக்குமே.” சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

அக்கா என்று அவள் சொன்னது என்னைத்தான். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு நாளாக எனக்குச் சளி பிடித்து மூக்கு கல் வைத்து அடைத்த மாதிரி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், மூக்கக்கா இருக்கும்போது உன் மூக்கு எதற்கு என்று கேள்வி வரும். அவளிடம் மட்டுமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்ன செய்வாள்? உள்ளே நடந்துவிட்டு வந்து எதைச் சொல்வாள்? சாயங்காலம் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தேன், மிஷினும் நின்றுவிட்டது. முதலாளி பூட்டோடு வந்து நின்றார். அவள் உள்ளே நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். தொண்டையில் இருமல் வந்து முட்டியது. இருமினால் அது எங்கள் குறி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்து அடக்கினேன். மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. கோடியில் திரும்பும்போது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கீழே கிடந்த பஞ்சைப் பார்த்தேன்.

வெளியே வந்து “பூட்டுங்க” என்றாள்.

சின்னவள் தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் சாவி வாங்கி வந்து மிஷினைத் துடைப்பாள். அன்றும் அவள்தான் பஞ்சு அறைக் கதவைத் திறந்திருக்கிறாள். ராத்திரி முழுக்கக் காற்றில்லாமல் உள்ளே கனன்று கிடந்தது, கதவு திறந்ததும் மூச்சு விட்டிருக்கிறது. நான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடி மாதிரி இல்லை. பஞ்சு எரிந்து கண் மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடும். அவள் மேல் இருந்த துணி அடங்கவில்லை. உருகி ஒட்டியது. நான் சாக்கை நனைத்துப் போர்த்தி அணைத்தேன். சாக்கை எடுக்க முடியவில்லை.

ஒன்பது நாள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இடுக்கியால் முதுகிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். கறுப்பாக, மணி மணியாக. மூக்கக்கா வெளியே போகவில்லை, கண்ணையும் மூடவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் சின்னவளுக்குக் கொஞ்சம் நினைவு வந்தபோது, “மோந்து பாத்தியாக்கா?” என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. அக்கா “பாத்தேன்டி” என்றாள்.

விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி கரண்ட் கோளாறு என்றார். கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மூக்கக்கா நேராக முதலாளி அறைக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

“எனக்கு மூக்கு போய் ரெண்டு வருஷம் ஆகப் போகுது. வாசன எதுவும் தெரியாது. தெரியாமத்தான் பூட்டச் சொன்னேன்.”

முதலாளியின் குரல், ரொம்பப் பக்குவமாக: “இத வெளியில யார்கிட்டயும் சொல்லாதம்மா. கம்பெனி புத்தகம் அச்சுக்குப் போயிருக்கு. அதுல உன் படந்தான். நீ பாட்டுக்கு உன் மேசையிலயே இரு. உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

எந்த மேசைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதையே இப்போது வாயை மூடச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் வெளியே வந்தாள். தகரச் சார்ப்புக்கு வந்து விளக்கை அணைத்தாள், இடுக்கியைத் துடைத்து வைத்தாள். அப்படியே உள்ளே போய்த் தங்கை நின்ற இடத்தில் நின்று மிஷினுக்குத் துணி ஊட்ட ஆரம்பித்தாள்.

“வேணாம்க்கா. டாக்டர் சொன்னத மறந்துட்டீங்களா?” என்றேன்.

“வழிய விடு.”

முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். டாக்டர் சொன்னது இரண்டு வருஷம். அவள் பதினோரு மாதம் தாங்கினாள். கடைசியில் நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடிப்பாள், உட்கார்ந்தபடியேதான் தூக்கம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு, இனி தாங்காது என்று எனக்கே தோன்றிய பிறகு, சொன்னேன்.

“அக்கா, அன்னிக்கு எனக்குச் சளி. மூக்கு அடைச்சிருந்துச்சு. உங்ககிட்ட மறச்சுட்டேன்.”

மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு நேரம் பிடித்தது.

“தெரியும். சுத்து பூரா மூக்க உறிஞ்சிக்கிட்டேதானே வந்த. எனக்கு மூக்குதான் போச்சு தம்பி. காது போகலையே.”

எழுந்து வரும்போது, “மறுபடி சிகரெட்டு பிடிக்க ஆரம்பிச்சிடாத” என்றாள்.

ஷெட்டில் இப்போது அலாரம் மாட்டியிருக்கிறார்கள். பஞ்சுத் தூசி பட்டுப் பட்டு அது நாளெல்லாம் கத்துகிறது என்று இரண்டாவது வாரமே பாட்டரியைக் கழற்றிவிட்டார்கள். மேசைக்கு வேறொரு பெண் வந்திருக்கிறாள். நல்ல மூக்கு, குறை சொல்ல முடியாது. சாயங்காலம் அவள் சுற்றி வந்து “பூட்டுங்க” என்கிறாள்.

நான் “இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, சூடு இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஒவ்வொரு குவியலாக. முக்கால் மணி நேரம் ஆகும். முதலாளி வாசலில் பூட்டோடு நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். என்னை ஒன்றும் கேட்பதில்லை.